புள்ளலூர்க் கணக்கு

காஞ்சிபுரத்திலிருந்து வடக்கே பதினைந்து கிலோமீட்டர் போல் போனால் புள்ளலூர். வயலும் ஏரியுமாக இருக்கிற ஊர். மகேந்திரவர்மப் பல்லவன் பகைவரை இங்கே வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. அதற்கு ஆயிரத்து நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, 1780 செப்டம்பர் 10ஆம் தேதி, கர்னல் வில்லியம் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் இதே ஊரில் சூழ்ந்து அழித்தார்கள். பெய்லிக்குத் துணையாக வரவேண்டிய ஹெக்டர் மன்ரோ அன்று காஞ்சிபுரத்தில்தான் இருந்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துவிட்டன, படை குலைந்துவிட்டது. மன்ரோ தன் கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளமொன்றில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தச் சண்டை இன்றும் ஓவியமாக இருக்கிறது. வெடித்துச் சிதறும் வண்டியும் அதில் உண்டு.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கத்துத் தறி வீடுகளிலிருந்து பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சாயங்காலம் என்னிடம் இயற்பியல் படிக்க வருகிறார்கள். எறிபொருள் இயக்கம் என்ற பாடத்தை நான் இந்தச் சண்டையிலிருந்துதான் தொடங்குவேன். பாடப்புத்தகம் மூன்று சூத்திரங்களைக் கொடுக்கிறது: பறக்கும் நேரம், பெரும உயரம், கிடைத்தள நெடுக்கம். பிள்ளைகள் மூன்றையும் ராத்திரி உட்கார்ந்து உருப்போட்டுவிட்டு வருகிறார்கள். கேள்வியில் தரை கொஞ்சம் மேடாகவோ பள்ளமாகவோ மாறிவிட்டால் மூன்றும் கைவிட்டுவிடும். நல்ல மூளையுள்ள பிள்ளை, “எனக்குக் கணக்கு வராது சார்” என்று நோட்டை மூடிவைக்கிறது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. அந்தச் சூத்திரங்கள் இல்லாமலேயே இந்தப் பாடத்தின் எல்லாக் கணக்கையும் போட்டுவிடலாம் என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். ஒரு டீ சொல்லிவிட்டு, காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அவசரமில்லை.

முதலில் ஒரு கேள்வி. அன்றைக்குப் புள்ளலூரில் வானத்தில் பறந்தவற்றில் எதெல்லாம் எறிபொருள்?

பீரங்கிக் குண்டு, துப்பாக்கி ரவை, அம்பு எல்லாம் எறிபொருள்தான். குழாயையோ நாணையோ கையையோ விட்டுப் புறப்பட்ட கணத்துக்குப் பிறகு, புவியீர்ப்பைத் தவிர வேறெதுவும் இழுக்காமல் தள்ளாமல் போகிற பொருளே எறிபொருள். காற்றும் தடுக்கத்தான் செய்யும். அதைப் பிறகு பார்ப்போம். ஆனால் அன்று மைசூர்ப் படை வாணங்களும் விட்டது. இரும்புக் குழலில் மருந்தைக் கெட்டித்து, நீண்ட மூங்கிலில் கட்டிக் கொளுத்தி விடுகிற வாணம். காகிதக் குழல் தாங்காத அழுத்தத்தை இரும்புக் குழல் தாங்கியது. அதனால் அது ஒரு கிலோமீட்டரையும் தாண்டிப் போனது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது பிடிபட்ட வாணங்கள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றைப் பார்த்துத்தான் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டுகளைச் செய்தார். 1963இல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்துக்குப் போன அப்துல் கலாம், அங்கே ராக்கெட் விடும் திப்புவின் படை ஓவியமாக மாட்டியிருந்ததைக் கண்டு நெகிழ்ந்ததைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

மருந்து எரிகிற வரைக்கும் இந்த வாணம் எறிபொருள் அல்ல. பின்னால் சீறும் புகை அதை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கிறது, எடையும் குறைந்துகொண்டே வருகிறது. மருந்து தீர்ந்த கணத்திலிருந்து அதுவும் பீரங்கிக் குண்டைப் போல வெறும் எறிபொருள்தான். கணக்கைத் தொடுமுன் இதை நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும்: எந்தக் கணத்திலிருந்து எந்தக் கணம் வரைக்கும் இது எறிபொருள்? கை விட்ட பிறகு, தரை தொடுமுன். இந்த இரண்டுக்கும் நடுவில் மட்டுமே நம் கணக்கு செல்லும். “தரையில் விழுந்தபோது வேகம் என்ன” என்று கேட்டால் சுழியம் என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு. தரை தொட்ட பிறகு நடந்ததை அவர்கள் எழுதுகிறார்கள். கேள்வி கேட்பது தொடுவதற்கு முந்தைய கணத்தை.

இனி உள்ளே போவோம். எறிபொருள் ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்கிறது. பக்கவாட்டில் போகிறது, மேலேயோ கீழேயோ போகிறது. பக்கவாட்டில் அதை இழுக்க யாருமில்லை, ஆகவே அந்த வேகம் கடைசிவரை மாறாது. செங்குத்தாகப் புவி இழுக்கிறது, ஆகவே அந்த வேகம் ஒவ்வொரு நொடியும், நொடிக்கு 9.8 மீட்டர் என்ற அளவு கீழ்நோக்கி மாறிக்கொண்டே இருக்கும். இதில் எது நடந்தாலும் மற்றது கவலைப்படாது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது நேரம் மட்டும்.

இதைத் தறி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வது எனக்குச் சுலபம். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. கரை நாடாவைப் போட, தறியில் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். உடலின் ஊடை இழை கரைக்குள் போகாது, கரையின் இழை உடலுக்குள் வராது. ஆனால் அச்சை இழுத்து அடிக்கிற அடி இரண்டுக்கும் ஒன்றே. அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்த அண்ணனும் தனித்தனி இழை ஓட்டினாலும் ஒரே அடியில்தான் சேலை வளர்கிறது. காகிதத்தின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் கிடைக் கணக்கு, வலப்பக்கம் செங்குத்துக் கணக்கு என்று எழுதச் சொல்வேன். இரண்டு பத்தியிலும் ஒரே மாதிரி வருகிற எழுத்து ‘நே’ ஒன்றுதான். நேரம்.

இப்போது ஒரு கணக்கு. ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் 59 மீட்டர் உயரம். கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பியது. அதன் உச்சி மட்டத்தில் ஒரு கிளி, நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நேராகப் பறக்கிறது. வாயிலிருந்த வேப்பம்பழம் நழுவிவிட்டது. அது எத்தனை நொடியில் தரைக்கு வரும், எவ்வளவு தூரம் தள்ளி விழும்?

கோட்டின் வலப்பக்கம்: பழம் 59 மீட்டர் இறங்க வேண்டும். தொடக்கத்தில் அதற்குச் செங்குத்து வேகம் எதுவுமில்லை, கிளி நேர்கிடையாகத்தானே பறந்தது. ஆகவே 59 = 4.9 நே². 4.9 என்பது 9.8இல் பாதி. நே² = 12.04, நே = 3.47 நொடி. இடப்பக்கம்: நொடிக்கு 10 மீட்டர், 3.47 நொடி, ஆக 34.7 மீட்டர். கணக்கு முடிந்தது.

இந்த இடத்தில் யாராவது ஒரு பிள்ளை கையைத் தூக்கும். “கிளி இன்னும் வேகமாப் பறந்தா, பழம் கீழ வர இன்னும் நேரம் ஆகாதா சார்?” அருமையான கேள்வி. இதை மனசுக்குள் வைத்துக்கொண்டே தேர்வு எழுதுகிறவர்கள் ஏராளம். “ஏம்மா, வலப்பக்கத்தில் கிளியின் வேகம் எங்கேயாவது இருக்கா, பாரு” என்பேன். இல்லை. 59ம் 4.9ம் மட்டும் இருக்கின்றன. கிளி அந்தரத்தில் ஒரு கணம் நின்று போட்டாலும் 3.47 நொடிதான், புயல் வேகத்தில் பறந்து போட்டாலும் 3.47 நொடிதான். மாறுவது விழுகிற இடம். இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வேன்: கிளி திரும்பாமல் அதே வேகத்தில் பறந்துகொண்டிருந்தால், பழம் தரை தொடும்போது கிளி அதற்கு நேர் மேலே இருக்கும். இரண்டுக்கும் கிடை வேகம் ஒன்றுதானே.

சாய்வாக எறிந்தால் ஒரு வேலை கூடுதல். கொடுத்த வேகத்தை இரண்டு பத்திக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். தரையிலிருந்து அளந்த கோணம் என்றால் செங்குத்துப் பங்குக்கு சைன், கிடைப் பங்குக்கு கொசைன். இதை மந்திரமாக உருப்போடாதீர்கள். கோணத்தைச் செங்குத்திலிருந்து அளந்து கொடுத்தால் இரண்டும் இடம் மாறிவிடும். கோணம் மிகச் சிறியதாக இருந்தால் எந்தப் பங்கு சிறுத்துப் போகும் என்று யோசித்தாலே எது சைன் என்பது தெரிந்துவிடும். பிரித்த பிறகு மூல வேகத்தை ஒரு கோடு போட்டு அடித்துவிடுங்கள். எறிபொருள் கணக்கில் நான் திருத்துகிற தவறுகளில் பெரும்பாலானவை, பிரித்த பிறகும் முழு வேகத்தைக் கொண்டுபோய்ச் செங்குத்துப் பத்தியில் எழுதுவதுதான்.

புள்ளலூருக்குத் திரும்புவோம். ஒரு வாணம், மருந்து தீர்ந்த கையோடு 45 பாகையில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றை மறந்துவிடுவோம், தரையும் சமம். அது ஒரு கிலோமீட்டர் தள்ளி விழ என்ன வேகம் வேண்டும்? சூத்திரத்தைத் தேடாதீர்கள். 45 பாகை என்றால் கிடைப் பங்கும் செங்குத்துப் பங்கும் சமம். இரண்டையும் ‘வே’ என்று எழுதுங்கள். வலப்பக்கம்: மேலே போகும் வேகம் சுழியமாக வே ÷ 9.8 நொடி, இறங்கவும் அவ்வளவே, மொத்தம் 2 வே ÷ 9.8. இடப்பக்கம்: அந்த நேரத்தில் கடந்த தூரம் 2 வே² ÷ 9.8. இது 1000 ஆக வேண்டும். வே² = 4900, வே = 70. எவ்வளவு சுத்தமாக வருகிறது பாருங்கள்! முழு வேகம் 70ஐ √2ஆல் பெருக்கினால் 99, அதாவது நொடிக்கு ஏறக்குறைய நூறு மீட்டர். பறந்த நேரம் 14.3 நொடி. ஏறும்போது செங்குத்து வேகம் 70இலிருந்து சுழியத்துக்கு இறங்குகிறது, சராசரி 35. ஏறுவதற்கு 7.14 நொடி. ஆக உச்சி 250 மீட்டர், ஏகாம்பரநாதர் கோபுரத்தை நாலு தடவை அடுக்கினாலும் எட்டாத உயரம். சத்தம் ஒரு கிலோமீட்டரை மூன்று நொடியில் கடந்துவிடும். சீறல் காதில் விழுந்த பிறகு பெய்லியின் சிப்பாய்களுக்கு இன்னும் பதினோரு நொடி மேலே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்திருக்கும். மெய்யான வாணம் கோணல்மாணலாகப் போகும், காற்றும் அதைப் பிடிக்கும். அளவு என்ன என்று கைக்குள் வர இந்தக் கணக்கு போதும்.

45 பாகையில்தான் அதிகத் தூரம் என்பது ஏன்? தூரம் என்பது கிடை வேகமும் பறக்கும் நேரமும் பெருக்கியது. நேரத்தைத் தருவது செங்குத்துப் பங்கு. மேலே அதிகம் கொடுத்தால் நேரம் கிடைக்கும், முன்னே போகாது. முன்னே அதிகம் கொடுத்தால் சட்டென்று தரை வந்துவிடும். முழு வேகம் நிலையாக இருக்கும்போது இரண்டு பங்கின் பெருக்கல் எப்போது மிகும் என்றால், இரண்டும் சமமாக இருக்கும்போது. 1537இல் இத்தாலியர் தார்த்தாலியா பீரங்கிக்கு 45 பாகைதான் மிகத் தூரம் என்று சொல்லிவிட்டார். ஆனால் பாதை பரவளையம் என்பதையும், கிடையும் செங்குத்தும் ஒன்றையொன்று தொடாமல் ஓடுகின்றன என்பதையும் 1638இல் கலிலியோ அச்சில் போட்டபோதுதான் காரணம் துலங்கியது. நம் காகிதத்தின் நடுக்கோடு அவர் போட்டது.

அதே வேகத்தை 30 பாகையிலும் 60 பாகையிலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் 866 மீட்டரில் ஒரே இடத்தில் விழும். இரண்டிலும் பங்குகள் அதேதான், பத்தி மட்டும் மாறியிருக்கிறது. பெருக்கலுக்கு எது முன், எது பின் என்பது இல்லையே. ஆனால் பயணம் ஒன்றல்ல. 30 பாகையில் 125 மீட்டர் உயரம், 10 நொடி. 60 பாகையில் 375 மீட்டர் உயரம், பதினேழரை நொடி. கேள்வியில் “எந்தக் கோணத்தில்” என்று கேட்டு இரண்டு விடை வந்தால் பயப்பட வேண்டாம். இரண்டும் சரி. நடுவில் மதிலோ மரமோ இருக்கிறதா என்று கேள்வியைத் திரும்பப் படியுங்கள், எது வேண்டும் என்று தெரியும்.

உச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. உச்சியில் வேகம் சுழியம் என்று எழுதாதீர்கள். செங்குத்து வேகம் மட்டுமே சுழியம். கிடை வேகம் அங்கேயும் முழுசாக இருக்கிறது. முடுக்கமும் சுழியமல்ல. புவி அந்த ஒரு கணம் இழுப்பதை நிறுத்தினால் பொருள் அப்படியே நேராகப் போய்க்கொண்டிருக்குமே தவிர வளையாது.

இனி சூத்திரம் கைவிடுகிற இடம். காஞ்சிபுரம் ஏரிகளின் மாவட்டம். தென்னேரிக் கரைபோல ஒரு கரை, வயல் மட்டத்துக்கு 5 மீட்டர் மேலே. அதன் மேல் நின்று ஒருவர் வயல் பக்கமாகக் கல் எறிகிறார், நொடிக்கு 20 மீட்டர், 30 பாகை. கல் எங்கே விழும்? உருப்போட்ட நெடுக்கச் சூத்திரத்தில் போட்டால் 35.3 மீட்டர் வரும். பாதி வகுப்பு அதைத்தான் எழுதும். புறப்பட்ட மட்டத்திலேயே வந்து விழுந்தால்தான் அந்தச் சூத்திரம். இங்கே கல் கரை மட்டத்தைக் கடந்து இன்னும் 5 மீட்டர் இறங்க வேண்டும்.

கோடு போடுங்கள். கிடைப் பங்கு 17.3, செங்குத்துப் பங்கு 10. மேல்நோக்கினால் கூட்டல், கீழ்நோக்கினால் கழித்தல் என்று ஒருமுறை முடிவு செய்து, கணக்கு முடியும்வரை மாற்றாதீர்கள். கல் கடைசியில் நிற்கும் இடம் புறப்பட்ட இடத்துக்கு 5 மீட்டர் கீழே, அதாவது −5. ஆகவே −5 = 10 நே − 4.9 நே². ஒழுங்குபடுத்தினால் 4.9 நே² − 10 நே − 5 = 0. பத்தாம் வகுப்பில் படித்த இருபடிச் சமன்பாடு. விடை இரண்டு: 2.46 நொடி, −0.42 நொடி. முதலாவதை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் போனால் 17.3 × 2.46, ஏறக்குறைய 42.5 மீட்டர். சூத்திரம் ஏழு மீட்டர் குறைத்துச் சொல்லியிருக்கிறது.

கழித்தல் விடையைப் பிள்ளைகள் உடனே அடித்துவிடுவார்கள். “நேரம் கழித்தலில் வராது சார்.” எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்தது அந்த அடிக்கப்பட்ட விடைதான். சமன்பாட்டுக்குக் கரையும் தெரியாது, கல்லை எறிந்த கையும் தெரியாது. அது கேட்பது ஒன்றே: இந்தப் பாதையில் போகும் ஒரு பொருள் எப்போதெல்லாம் வயல் மட்டத்தில் இருக்கும்? கல் கையிலிருந்து வராமல், வயலிலிருந்தே யாரோ எறிந்து இதே பாதையில் கரை மேல் வழியாகப் போனதாக இருந்தால், அது வயலை விட்டுக் கிளம்பியது 0.42 நொடிக்கு முன்பு. அதைத்தான் கணக்கு சொல்கிறது. நமக்கு வேண்டாத விடை, ஆனால் பொய் விடை அல்ல. அதை வைத்து நம் விடையைச் சரிபார்க்கவும் முடியும். உச்சிக்கு 1.02 நொடியில் போகிறது. −0.42இலிருந்து உச்சி வரை 1.44 நொடி. உச்சியிலிருந்து 2.46 வரையும் 1.44 நொடி. பரவளையத்தின் இரு பக்கமும் ஒத்துப்போகிறது.

இருபடிச் சமன்பாடு பிடிக்காத பிள்ளைகளுக்கு வேறு வழியும் உண்டு. பயணத்தை உச்சியில் வெட்டுங்கள். ஏற 1.02 நொடி, கரைக்கு மேல் 5.1 மீட்டர் உயரம். வயலிலிருந்து பார்த்தால் 10.1 மீட்டர். அங்கிருந்து சும்மா விழ 1.44 நொடி. கூட்டினால் அதே 2.46. கிளி நழுவவிட்ட பழத்தின் கணக்கேதான் இரண்டாம் பாதி. ஒரு கணக்கை இரண்டு வழியில் போட்டு ஒரே விடை வந்தால் பிள்ளையின் முகம் மலரும். அந்த மலர்ச்சிக்கு ஈடாகத் தேர்வில் எந்த மதிப்பெண்ணும் கிடையாது.

9.8க்குப் பதில் 10 போடலாமா என்று கேட்பார்கள். கேள்வித்தாள் சொன்னால் போடலாம். இந்தக் கணக்கில் நேரம் 2.41 நொடி ஆகும், தூரம் முக்கால் மீட்டர் குறையும். சொல்லப்போனால் காஞ்சிபுரத்தில் அது 9.8ம் இல்லை, 9.78. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்குக் கொஞ்சம் குறைவு. தூந்திரப் பகுதியில் எறிகிற கல்லைவிட நம் ஊர்க் கல் ஒரு துளி அதிகத் தூரம் போகும்.

இனி காற்று. இதற்கும் நம் கடற்கரையில் ஒரு கதை இருக்கிறது. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதர் 1742இல் பீரங்கிக் கலையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஊசலாகத் தொங்கும் கனமான பலகையைச் சுட்டு, அது எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து, குண்டின் வேகத்தை அளந்தவர் அவர். நொடிக்கு 1,650 அடி, அதாவது ஏறக்குறைய 500 மீட்டர் வேகத்தில் கிளம்பும் 24 பவுண்டு குண்டு பரவளையத்தில் போனால் 16 மைல் போக வேண்டும். மெய்யாக அது மூன்று மைலைக்கூட எட்டுவதில்லை. கிளம்பும்போது காற்று அந்தக் குண்டைத் தடுக்கிற விசை, குண்டின் எடையைப் போல இருபது மடங்கு! கலிலியோவின் பாதை பீரங்கிக்குப் பொருந்தவே பொருந்தாது என்று அவர் காட்டினார். கும்பினி அவரைக் கோட்டைகளைச் செப்பனிடத் தலைமைப் பொறியாளராக இங்கே அனுப்பியது. 1751 ஜூலை 29இல் கடலூர் தேவனாம்பட்டினத்து செயிண்ட் டேவிட் கோட்டையில் அவர் இறந்தார். புள்ளலூர்ச் சண்டைக்கு இருபத்தொன்பது வருஷம் முன்பு.

அப்படியானால் நாம் இத்தனை நேரம் போட்டது பொய்யா? இல்லை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. மெதுவாகப் போகும் கனமான பொருளுக்கு அது எடையோடு ஒப்பிட்டால் சிறியது. ஏரிக்கரைக் கல்லுக்குக் கொஞ்சம் பிழை வரும், கணக்கு கெடாது. பீரங்கிக் குண்டுக்கு அடியோடு கெடும். வேப்பம்பழத்துக்கும் கெடும். நம் கணக்குப்படி அது நொடிக்கு 34 மீட்டர் வேகத்தில் தரையில் மோத வேண்டும். அவ்வளவு லேசான பழம் அந்த வேகத்தை எட்டவே எட்டாது.

காற்று வந்ததும் நடுக்கோட்டுக்கு என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். தடை முழு வேகத்தைப் பார்க்கிறது. பழம் கீழே வேகம் பிடிக்கப் பிடிக்க, பக்கவாட்டு வேகமும் சீக்கிரம் தேய்கிறது. வலப்பக்கம் நடப்பது இடப்பக்கத்தைத் தொட ஆரம்பித்துவிட்டது. இரண்டு பத்தியும் இனித் தனித்தனி இல்லை. இதனால்தான் ஒரு வரிச் சூத்திரம் கிடைப்பதில்லை. பள்ளிக்கூடத்துக் கேள்வியில் “காற்றுத்தடையைப் புறக்கணிக்க” என்று எழுதியிருப்பது இந்தக் கோட்டைக் காப்பாற்றத்தான்.

ஆனால் கணக்கை விட்டுவிட வேண்டியதில்லை. ராபின்ஸின் நூலை 1745இல் ஜெர்மனில் மொழிபெயர்த்து, நீண்ட விளக்கமும் எழுதியவர் ஆய்லர். இதுபோன்ற சிக்கலைச் சின்னச் சின்ன எட்டாக வைத்துக் கடக்கிற வழிக்கும் அவர் பெயர்தான். பிள்ளைகளைக் கைப்பேசியில் ஒரு கணக்கு அட்டவணையைத் திறக்கச் சொல்வேன். ஓர் எட்டு 0.1 நொடி. தடைக்கு ஓர் எண் வேண்டும், வேப்பம்பழத்துக்கு 0.03 என்று வைப்போம். கிடைத் தடை = 0.03 × முழு வேகம் × கிடை வேகம். செங்குத்துக்கும் அப்படியே. தொடக்கத்தில் கிடை வேகம் 10, செங்குத்து 0, முழு வேகம் 10. கிடையில் நொடிக்கு 3 வீதம் குறையும், ஆகவே 0.1 நொடியில் 9.7. செங்குத்து 0.98. அடுத்த எட்டில் முழு வேகம் 9.75. கிடை வேகம் 9.42 ஆகிறது, செங்குத்து 1.93. ஒவ்வொரு வரியிலும் அந்தச் சின்ன நேரத்துக்குள் நகர்ந்த தூரத்தையும் கூட்டிக்கொண்டே வாருங்கள். பத்துப் பன்னிரண்டு வரி கையால் போட்டால் விஷயம் பிடிபட்டுவிடும், மீதியை அட்டவணையை இழுத்துவிட்டால் அதுவே நிரப்பிக்கொள்ளும். இறக்கம் 59 மீட்டரைத் தொடுகிற வரியில் நிறுத்துங்கள். நேரம் 4.6 நொடி பக்கம் வரும், செங்குத்து வேகம் பதினெட்டை எட்டாமல் அதன் கிட்டே வந்து நிற்கும், பழம் விழுந்த தூரம் 34.7 மீட்டருக்குப் பதில் 22 மீட்டர் அளவில் இருக்கும்.